வெகுளி புரட்டிய இரண்டாம் ஏடு

ஆனைமடுக் காட்டில் வெகுளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். வெகுளி என்றால் பழைய தமிழில் கோபம். இன்றைய பேச்சில் சூதுவாது தெரியாதவர். அவளுக்கு இரண்டும் பொருந்தும்.

அந்தக் கோடையில் ஓடைகளெல்லாம் வற்றிப்போயின. ஆனைமடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அதைக் காட்டுப்பன்றிகள் வளைத்துக்கொண்டன. அவற்றின் தலைவன் கட்டையன் கரையில் காவல் போட்டான். மற்ற விலங்குகளுக்கு மடுவின் ஓரத்தில் கசிகிற சேற்றுநீர்தான். முயல்கள் சேற்றை நக்கின. கீரிகள் நக்கின. மான்கள் முழங்காலை மடித்து நக்கின.

வெகுளிக்கு அரும்பு என்று ஒரு மகன். முள் இன்னும் முற்றாத குட்டி. சேறு தொண்டையில் இறங்காமல் அவன் ஒரு காலையில் மடுவுக்கு ஓடினான். ஒரு வாய்தான் குடித்தான். கட்டையன் கோரைப்பல்லால் முட்டித் தூக்கி எறிந்தான். அரும்பு கரையிலேயே இறந்துபோனான்.

விலங்குகள் துக்கம் விசாரிக்க வந்தன. கடைசியாக, அடிமேல் அடிவைத்து, சாந்தமூர்த்தி வந்தார்.

சாந்தமூர்த்தி ஓர் உடும்பு. காட்டின் நடுவே இடிந்து கிடக்கும் கல்மண்டபத்தில் குடியிருந்தார். எந்தக் காலத்திலோ அங்கே தங்கிய ஒரு துறவி ஓலைச்சுவடி ஒன்றை விட்டுப் போயிருந்தார். வாழ்வைப் பற்றிய தத்துவ நூல் அது. சாந்தமூர்த்தி அதன்மேல்தான் படுத்திருப்பார். அதனால் காட்டில் அவருக்கு அறிஞர் என்று பெயர். மடுவில் அவர் மட்டும் தண்ணீர் குடிக்கலாம். பன்றிகள் அவருக்கு நண்டும் பிடித்துக் கொடுக்கும்.

"அழாதே தாயே! உன் மகன் விதி அவ்வளவுதான். நடப்பதெல்லாம் நியதி. பன்றிக்குத் தண்ணீர் என்பதும் நியதி, நமக்குச் சேறு என்பதும் நியதி. பெரிய நூலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றார் சாந்தமூர்த்தி.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வெகுளியின் முதுகில் முட்கள் சிலிர்த்து நின்றன.

"எங்கே எழுதியிருக்கிறது?"

"என்ன கேட்டாய்?"

"என் மகன் சாகவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? எனக்குக் காட்டுங்கள்!"

கூட்டம் திகைத்துப்போனது. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்டில் எல்லோருக்கும் எழுத்துத் தெரியும். மணலில் எழுதிக் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கம். ஆனால் பெரிய நூலைத் திறக்க யாருக்கும் துணிவு வந்ததில்லை.

சாந்தமூர்த்தி நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டார். "துக்கத்தில் பேசுகிறாய். மன்னித்தேன். கோபம் கூடாது தாயே, கோபம் கூடாது" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய்விட்டார்.

மகனைப் புதைத்த கையோடு வெகுளி மண்டபத்துக்குப் போனாள்.

"நூலைப் படிக்க வந்திருக்கிறேன்" என்றாள்.

சாந்தமூர்த்தி சிரித்தார். "எடுத்த எடுப்பில் தத்துவமா! முதலில் இலக்கணம் கற்க வேண்டும். பிறகு தருக்கம். பிறகு உரை. அந்த உரைக்கு ஓர் உரை இருக்கிறது, அது. இதெல்லாம் முடித்தால் நூலைத் தூரத்திலிருந்து பார்க்கலாம்!"

"நீங்கள் எல்லாம் முடித்தீர்களா?"

"என் குரு முடித்தார்."

"அவர் இந்த நூலைப் படித்தாரா?"

"அவருக்கு அவருடைய குரு சொன்னார்."

"அப்படியானால் யார்தான் படித்தது?"

"இந்தக் கேள்வியே தப்பு!" என்று சாந்தமூர்த்தி சீறினார். "தகுதியில்லாதவர்கள் இதைத் தொட்டால் புத்தி பேதலித்துப்போகும்!"

"பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் பேதலிக்க என்ன இருக்கிறது? நகருங்கள்!"

வெகுளி திரும்பி நின்றாள். முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சடசடத்தன. உடும்பின் தோல் தடிப்புத்தான். ஆனாலும் வயிற்றுப்பக்கம் மென்மை. சாந்தமூர்த்தி சுவடியிலிருந்து இறங்கித் தூணில் ஏறிக்கொண்டார். "படி, படி! ஒரு வரி புரிகிறதா பார்ப்போம்!" என்று அங்கிருந்து கத்தினார்.

வெகுளி கயிற்றைத் தளர்த்தி முதல் ஏட்டைப் பிரித்தாள்.

ஒரு வரிகூடப் புரியவில்லை.

பழைய ஓலை எழுத்து அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எறும்புச்சாரி போல எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. வெகுளிக்கு முகம் எரிந்தது. தூணிலிருந்து சிரிப்புச் சத்தம் வேறு.

அவள் எழுந்து போயிருக்கலாம். கோபம் அவளைப் போகவிடவில்லை. சத்தமாகப் படித்துப் பார்த்தாள். கண்ணுக்குப் பிடிபடாத சொற்கள் காதுக்குக் கொஞ்சம் பிடிபட்டன. தவறாகப் பிரித்தாள். பொருள் வரவில்லை. வேறு மாதிரி பிரித்தாள். ஒரு சொல் வந்தது. தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சொல்லைத் தட்டினாள். பொழுது சாயும் வேளையில் அந்த ஏடு முழுவதும் வழிக்கு வந்துவிட்டது.

அதில் இப்படி இருந்தது:

"நிகழ்வன யாவும் நியதியால் நிகழும். முயற்சி அதனை மாற்றாது. பெற்றவன் பெற்றதும் நியதி, இழந்தவன் இழந்ததும் நியதி. ஆதலின் இழந்தவன் பெற்றவனை நோவது அறியாமை."

அவ்வளவுதான். ஏடு அங்கே முடிந்தது.

"பார்த்தாயா!" என்றார் சாந்தமூர்த்தி. "நான் சொன்னபோது நம்பினாயா? இப்போது நீயே படித்துவிட்டாய்!"

வெகுளிக்குக் கண் இருண்டது. உடும்பு பொய் சொல்லவில்லை. நூலே பன்றியின் கட்சி! அவள் ஏட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துத் துப்பினாள். சுவடியைக் காலால் எற்றினாள். வெளியே ஓடிவந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கத்தினாள்.

"படித்துவிட்டேன்! அது நம்மைப் போன்றவர்களுக்கு எழுதிய நூல் இல்லை. நாம் சேற்றிலேயே சாகவேண்டுமாம்! அதற்காகப் பன்றியைக் குறைசொல்லவும் கூடாதாம்!"

அவளுக்கு அது கோபத்தின் கூச்சல். கேட்டவர்களுக்கு அது தீர்ப்பு. அதுவரை உடும்பு சொன்னதில் சிலருக்காவது கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்போது வெகுளியே படித்துச் சொல்லிவிட்டாள். அந்தச் சந்தேகமும் போயிற்று. கிழமான் ஒன்று சேற்றுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டு மரத்தடியில் படுத்துவிட்டது.

வெகுளியின் வளைக்குப் பக்கத்தில் தும்பை என்ற முயல் இருந்தாள். பச்சைக்குட்டிக்காரி. அவள் வந்து வளைவாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா, குட்டிகளுக்குப் பால் வற்றிவிட்டது. எல்லாம் எழுதிவைத்தபடிதான் நடக்கும் என்றால் நானும் சும்மா படுத்துவிடட்டுமா?"

கேட்டுவிட்டுத் தும்பை தன் குட்டிகளிடம் போய்விட்டாள். தான் கத்திய கத்தல் இந்தத் தாயின் வயிற்றில்தான் விழுந்திருக்கிறது என்று வெகுளிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் புரண்டு புரண்டு படுத்தாள். மனத்துக்குள் அந்த நூலை எழுதியவனோடு சண்டை போட்டாள்.

'ஐயா, எல்லாம் நியதி என்கிறீர். சரி. அப்படியானால் என் கோபமும் நியதிதானே? அதை மட்டும் ஏன் அறியாமை என்கிறீர்? முயற்சியால் எதையும் மாற்ற முடியாது என்றால் என்னை ஏன் மாறச் சொல்கிறீர்? ஓலையை எடுத்து, ஆணியைப் பிடித்து, மெனக்கெட்டு ஏன் எழுதினீர்? யாரைத் திருத்த?'

கேட்கக் கேட்கக் கோபம் கூர்மையானது. விடிந்ததும் நேரே மண்டபத்துக்கு நடந்தாள். எழுதியவன் எதிரே நின்றால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள். அவன் இல்லை, அவன் ஏடுதான் இருந்தது. வேறு என்னதான் உளறியிருக்கிறான் பார்ப்போம் என்று அடுத்த ஏட்டைப் புரட்டினாள்.

முதல் வரியைப் பிரிக்கவே வெகுநேரம் ஆனது. பிரித்ததும் அவள் அசையாமல் நின்றுவிட்டாள்.

"என்பர் சிலர். அது பொருந்தாது."

திரும்பப் படித்தாள். அதேதான் இருந்தது. முதல் ஏட்டில் எழுதியிருந்ததெல்லாம் நூலாசிரியரின் கருத்து இல்லை. மற்றவர்கள் சொல்வதை முதலில் அப்படியே எடுத்துவைத்திருக்கிறார். அதை மறுப்பதற்கு இந்த ஏட்டில் தொடங்குகிறார்!

வெகுளி மேலே படித்தாள்.

"நோவதும் நியதியாயின் நோவாதே என்பது எதற்கு? முயற்சி பயனற்றதாயின் அதைப் பிறர்க்கு எடுத்துக்கூற முயல்வது எதற்கு? பிறன் தாகத்துக்கு நியதி கூறுவோன் தன் தாகத்துக்கு நீர் தேடுவது எதற்கு?"

"இதைத்தான் நான் கேட்டேன்!" என்று வெகுளி அலறினாள். "நான் கேட்டதை இவர் எனக்கு முன்பே கேட்டிருக்கிறார்!"

அலறலில், தூணின்மேல் தூங்கிக்கொண்டிருந்த சாந்தமூர்த்தி விழித்துக்கொண்டார். வெகுளி அந்த வரிகளை அவருக்குப் படித்துக்காட்டினாள். உடும்பின் நாக்கு வெளியே வந்தது, உள்ளே போக மறந்தது. அவர் இறங்கிவந்து ஏட்டில் முகத்தை வைத்துப் பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அவரும் புரட்டியதில்லை. அவருடைய குருவும் புரட்டியதில்லை.

வெகுளிக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

சாந்தமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தாயே, இது நமக்குள் இருக்கட்டும்."

"என்ன?"

"யாரிடமும் சொல்லாதே. நான் கட்டையனிடம் பேசுகிறேன். இன்றைக்கே நீ மடுவில் தண்ணீர் குடிக்கலாம். வயிறு நிறைய! பாமரர்களுக்கு இரண்டாம் ஏடு எதற்கு? குழம்பிப்போவார்கள்!"

வந்த இரக்கம் வந்த வழியே போயிற்று. அதுவரை அவரை நீங்கள் என்று பேசிவந்த வெகுளி சொன்னாள்: "நீ நேற்றுவரை சொன்னது அறியாமை. இனிமேல் சொன்னால் அது பொய். என் பிள்ளையின் பிணத்துக்கு முன்னால் நின்று சொன்னாயே, அந்த வாய்க்கு இப்போதாவது கூசவில்லையா!"

சாந்தமூர்த்தி பாய்ந்து சுவடியின்மேல் படுத்தார். நான்கு கால்களாலும் கல்லைக் கவ்விக்கொண்டார். "போய்ச் சொல்! உன்னை யார் நம்புவார்கள்? நேற்று ஒன்று சொன்னாய், இன்று வேறொன்று சொல்கிறாய். நீ புதிதாகப் படிக்க வந்தவள். நான் அறிஞன்!"

அவர் சொன்னது உண்மை. வெகுளிக்கும் அது தெரிந்தது. மரத்தடியில் கூடியிருந்தவர்களிடம் போய் அவள் நூலைப் பற்றிச் சொன்னதும் கீரி ஒன்று கேட்டது: "நேற்றுச் சொன்னதை நம்பினோம். இன்று சொல்வதையும் நம்பவேண்டுமா?"

"வேண்டாம்! என்னை நம்பவே வேண்டாம்!" என்றாள் வெகுளி. "உடும்பை நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்தோம். நேற்று நான் அரைகுறையாகப் படித்துவிட்டுக் கத்தியதை நம்பினீர்கள், இன்னும் மோசமானது. போதும்! எழுந்து வாருங்கள். உங்கள் கண்ணாலேயே படியுங்கள்!"

"எங்களுக்குப் புரியாதே!"

"எனக்கு மட்டும் புரிந்ததா? முதலில் புரியாது. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். சத்தமாகப் படியுங்கள். சண்டை போடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாதியில் எழுந்து வந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்!"

முதலில் தும்பை எழுந்தாள். கீரிகள் எழுந்தன. மான்கள் எழுந்தன. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு மற்ற முள்ளம்பன்றிகளும் சேர்ந்துகொண்டன. மண்டபம் நிறைந்தது. அத்தனை பேரைக் கண்டதும் உடும்பின் பிடி தானாகத் தளர்ந்தது.

அன்று நடந்த வாசிப்பு அமைதியாக நடக்கவில்லை. "இது 'நோவது', 'நேர்வது' இல்லை!" என்று மான் கத்தியது. "யார் யாரிடம் சொல்கிறார்கள் இங்கே?" என்று கீரி கேட்டது. தும்பை ஒவ்வொரு வரிக்கும் "அப்படியென்றால் நம் காட்டில் எதைப் போல?" என்று கேட்டு எல்லோரையும் பாடாய்ப்படுத்தினாள். ஒரு சொல்லுக்காக இரண்டு கீரிகள் கட்டிப்புரண்டன. ஆனால் மூன்றாம் கேள்விக்கு வந்தபோது சத்தம் அடங்கிவிட்டது. பிறன் தாகத்துக்கு நியதி கூறுவோன் தன் தாகத்துக்கு நீர் தேடுவது எதற்கு? அதற்கு யாரும் பொருள் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பி உடும்பைப் பார்த்தார்கள்.

கிழமானையும் எழுப்பிக்கொண்டு கூட்டம் நேரே மடுவுக்குப் போனது.

கட்டையன் கரையில் குறுக்கே நின்றான். "என்ன கூட்டம் இது? விதி என்னவென்று தெரியாதா உங்களுக்கு?"

யாருடைய முகத்துக்கு நேரேயும் பேசியறியாத தும்பை முன்னால் வந்தாள். "தெரியும். எல்லாம் விதி. நாங்கள் இங்கே வந்து நிற்பதும் விதிதானே! நீ ஏன் தடுக்கிறாய்?"

கட்டையனுக்கு மூளை சுற்றியது. சுற்றினால் அவன் செய்வது ஒன்றுதான். தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான்.

முள்ளம்பன்றிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்புறமாகப் பாய்ந்தன. கட்டையனின் மூக்கு நிறைய முள் ஏறியது. அவன் வீறிட்டுக்கொண்டு சேற்றில் உருண்டான். மற்றப் பன்றிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எதிர்க்கரைக்கு ஓடின. அன்றைக்கே இந்தக் கரை எல்லோருக்கும் பொதுவாயிற்று.

பன்றியை விரட்டியது நூல் இல்லை, முள்தான். ஆனால் முள் நேற்றும் அவர்கள் முதுகில்தான் இருந்தது.

எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது சாந்தமூர்த்தி வந்தார். அடிமேல் அடிவைத்து, அதே நிதானத்தோடு. "நல்லது, நல்லது! இரண்டாம் ஏட்டை நானே உங்களுக்குச் சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்கு மேலே இன்னும் எத்தனையோ ஏடுகள் இருக்கின்றன. எல்லாம் கடினம். நீங்கள் எதற்குக் கஷ்டப்படவேண்டும்? தினம் மாலையில் வாருங்கள். நான் பொருள் சொல்கிறேன்" என்றார்.

ஒரு மான் வாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தது. "அதுவும் நல்லதுதான். எழுத்தைக் கூட்டிக் கூட்டிக் கண்ணெல்லாம் வலிக்கிறது. படித்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாமே" என்றது. இரண்டு மூன்று தலைகள் ஆடின.

வெகுளிக்கு மகன் செத்த அன்றுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

"மறுபடியுமா!" என்று அவள் கத்திய கத்தலில் தண்ணீர் அதிர்ந்தது. "நனைந்த வாய் இன்னும் காயவில்லை, அதற்குள் மறுபடியும் இவன் காலடியில் போய் உட்காரவேண்டுமா? கண் வலிக்கிறதா? என் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தேனே, அந்த வலி உனக்குத் தெரியுமா? அடுத்த ஏட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. இவன் வாயால் கேட்டால் கடைசிவரை தெரியப்போவதும் இல்லை!"

மான் தலையைக் குனிந்துகொண்டது. வெகுளி உடும்பின் பக்கம் திரும்பினாள்.

"படிக்கவேண்டுமா? வா. எங்களோடு உட்கார். புரியாததைப் புரியவில்லை என்று சொல். பொருள் சொல்கிற வேலை மட்டும் இங்கே உனக்கு இல்லை!"

சாந்தமூர்த்தி யோசித்துப் பார்த்தார். எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவதை நினைக்கவே அவருக்கு மூச்சு முட்டியது. அவர் அன்றே காட்டை விட்டுப் போனார். மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு காட்டில் பெரிய அறிஞராக இருக்கிறார் என்று பறவைகள் சொல்கின்றன. அந்தக் காட்டில் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பறவைகள் சொல்லவில்லை.

எல்லோரும் குடித்துப் போனபிறகு வெகுளி மடுவின் ஓரத்துக்குப் போனாள். அரும்பு விழுந்த இடம் அதுதான். குனிந்து ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக, தித்திப்பாக இருந்தது. இவ்வளவு நல்ல தண்ணீர் இத்தனை நாளும் இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது என்று நினைத்ததும் அவள் முட்கள் எழுந்து நின்றன. வெகுநேரம் ஆகியும் அவை படியவில்லை.

தத்துவத்தை அடுத்தவர் வாயால் கேட்டுத் தலையாட்டுகிறவரும், பாதி படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவரும் ஏமாந்துபோவார்கள். புரியாவிட்டாலும் தானே தொடங்கி, தட்டுத்தடுமாறி, கேள்வி கேட்டுக்கொண்டே அடுத்த ஏட்டையும் புரட்டுகிறவரை யாராலும் ஏமாற்ற முடியாது.